சப் பேனலில் நியூட்ரலும் எர்த்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்பக்கத்தில் உள்ளவை அமெரிக்க வீடுகளில் வழக்கத்திலுள்ள 120/240 வோல்ட் மின்னமைப்பைப் பற்றியவை. அங்கே விதிகளுக்கு அடிப்படையாக இருப்பது என்.இ.சி எனப்படும் தேசிய மின் விதித்தொகுப்பு. 1897இல் முதன்முதலாக வெளிவந்த அத்தொகுப்பு இன்று மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் எந்தப் பதிப்பு எந்த ஊரில் செல்லும் என்பதை அந்தந்த மாநிலமும் நகராட்சியுமே தீர்மானிக்கின்றன. அமெரிக்கர்கள் ‘கிரவுண்ட்’ என்று சொல்வதை நாம் பழகிய ‘எர்த்’ என்ற சொல்லாலேயே இங்கே குறிப்பிடுகிறோம். அந்தச் சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது போகப் போகத் தெரியும்.

என் வீட்டில் இரண்டு மின்பெட்டிகள் உள்ளன. எது மெயின் பேனல், எது சப் பேனல் என்று எப்படி அறிவது?

பெட்டியின் அளவோ, அதிலுள்ள பிரேக்கர்களின் எண்ணிக்கையோ, அதன் தலைப்பகுதியில் பெரிய பிரேக்கர் ஒன்று இருப்பதோ இதைத் தீர்மானிப்பதில்லை. மின் நிறுவனத்தின் கம்பி மீட்டரைக் கடந்து, வீடு முழுவதற்குமான மின்சாரத்தைத் துண்டிக்கக்கூடிய எந்த இடத்தை முதலில் அடைகிறதோ, அதுவே சர்வீஸ் துண்டிப்பான். அது எந்தப் பெட்டிக்குள் இருக்கிறதோ அதுதான் மெயின். அதற்குப் பின்னால் வரும் எல்லாப் பெட்டிகளும், 200 ஆம்பியர் பிரேக்கரைத் தலையில் சுமந்துகொண்டிருந்தாலும், சப் பேனல்களே.

நியூட்ரல் கம்பிகளும் எர்த் கம்பிகளும் மெயின் பேனலில் ஒரே உலோகப் பட்டையில் சேர்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். அப்படியிருக்க, சப் பேனலில் மட்டும் ஏன் பிரிக்க வேண்டும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. மின்சாரத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கின்றன என்ற எண்ணத்தில் பிழையில்லை. பிழை, அவை செய்யும் வேலையை மறந்துவிடுவதில் இருக்கிறது.

தெருவிலுள்ள மின்மாற்றியிலிருந்து வீட்டுக்கு இரண்டு லைவ் கம்பிகளும், சுருளின் நடுவிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு நியூட்ரலும் வருகின்றன. லைவ் ஒன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட். இரண்டு லைவ்களுக்கும் இடையே 240 வோல்ட். ஒரு லைவ் கம்பியின் 120 வோல்ட் சாதனங்கள் 40 ஆம்பியரையும், மற்றதன் சாதனங்கள் 25 ஆம்பியரையும் எடுத்தால், வேறுபாடான 15 ஆம்பியர் நியூட்ரல் வழியாகத் திரும்பும். ஆகவே நியூட்ரல் என்பது நாள்தோறும், மணிதோறும் மின்னோட்டம் சுமக்கும் கம்பி. எர்த் கம்பியோ ஆண்டுக்கணக்கில் ஒன்றுமே சுமக்காமல் காத்திருந்து, ஏதோ ஒரு சாதனத்தின் உலோக உடலை லைவ் தொட்டுவிட்ட அந்த ஒரு கணத்தில் பெரும் மின்னோட்டத்தைக் கொண்டுசென்று பிரேக்கரை விழச் செய்ய வேண்டிய கம்பி. முன்னது காப்புறைக்குள் இருக்கும். பின்னது நாம் கைவைக்கும் எல்லா உலோகத்தோடும் இணைந்திருக்கும்.

இப்போது சப் பேனலிலும் இரண்டையும் சேர்த்துவிட்டால், மெயினுக்கும் சப் பேனலுக்கும் இடையே திரும்பும் பாதைகள் இரண்டாகிவிடுகின்றன. மின்னோட்டம் ‘குறைந்த தடையுள்ள பாதையில் மட்டும்’ செல்லும் என்று சொல்லப்படுவது உண்மையன்று; அது இருக்கும் எல்லாப் பாதைகளிலும், அவற்றின் தடைக்கு எதிர்விகிதத்தில் பிரிந்து செல்லும். ஃபீடரின், அதாவது மெயினிலிருந்து சப் பேனலுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பித்தொகுதியின், நியூட்ரலுக்கு 0.05 ஓம், எர்த் கம்பிக்கு 0.1 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். 30 ஆம்பியர் திரும்ப வேண்டியிருந்தால் 20 ஆம்பியர் நியூட்ரலிலும் 10 ஆம்பியர் எர்த் கம்பியிலும் போகும். எர்த் கம்பி, கம்பிகளை உள்ளே தாங்கிச் செல்லும் குழாயான உலோகக் கண்டூயிட்டையும், அது தொடும் எரிவாயுக் குழாயையும், கேபிள் தொலைக்காட்சிக் கம்பியின் உலோகப் பின்னலையும் தொட்டிருந்தால், அந்தப் பங்கின் ஒரு பகுதி அவற்றிலும் ஓடும். தளர்ந்த கண்டூயிட் இணைப்பு ஒன்றின் வழியாக இடைவிடாமல் சில ஆம்பியர் ஓடுவது சூட்டுக்கும் தீப்பொறிக்கும் வழிவகுக்கும். மேலும், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் அருகருகே இல்லாமல் வெவ்வேறு வழிகளில் செல்வதால், அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்வதில்லை. ஒலிபெருக்கிகளில் கேட்கும் இரைச்சலுக்கு இதுவும் ஒரு காரணமாவதுண்டு. விதித்தொகுப்பு இதை ‘ஆட்சேபத்துக்குரிய மின்னோட்டம்’ என்று தன் 250.6ஆம் பிரிவில் குறிப்பிடுகிறது. சர்வீஸ் துண்டிப்பானுக்குப் பின்னால் நியூட்ரலைக் கொண்டு சாதனங்களுக்கு எர்த் கொடுக்கக் கூடாது என்ற நேரடித் தடை 250.142(பி) பிரிவில் இருக்கிறது.

மெயினில் சேர்ந்திருப்பது இந்தச் சிக்கலை உண்டாக்குவதில்லை, ஏனெனில் ஒரே ஒரு இடத்தில் முடிச்சுப் போட்ட இரண்டு கயிறுகள் வளையமாவதில்லை. இரண்டாவது முடிச்சு விழும்போதுதான் வளையம் உருவாகிறது.

அப்படியானால் மெயினிலும் பிரித்தே வைத்துவிடலாமே?

அது இன்னும் ஆபத்தானது. லைவ் ஒரு உலோக உடலைத் தொட்டால், அந்த மின்னோட்டம் தான் பிறந்த இடமான மின்மாற்றியின் நடுமுனைக்குத் திரும்பியாக வேண்டும். மின்மாற்றியிலிருந்து வீட்டுக்கு வருவது நியூட்ரல் மட்டுமே. தனி எர்த் கம்பி வருவதில்லை. எனவே வீட்டிலுள்ள எர்த் கம்பிகள் அனைத்தும் எங்கோ ஓரிடத்தில் நியூட்ரலோடு சேர்ந்தால்தான் அந்தச் சுற்று முழுமையடையும். அந்த இடம் சர்வீஸ் துண்டிப்பான். சேர்க்கும் துண்டுக்கு மெயின் பிணைப்பு என்று பெயர். அது விடுபட்ட வீட்டில் எர்த் கம்பிகள் எத்தனை நேர்த்தியாக இழுக்கப்பட்டிருந்தாலும் அவை எங்கும் போய்ச் சேராத கம்பிகளே.

பூமியில் ஒரு ராடை அடித்து அதோடு இணைத்துவிட்டால் மின்னோட்டம் மண்ணுக்குள் போய்விடாதா?

மின்னோட்டம் மண்ணைத் தேடி ஓடுவதில்லை. தன் மூலத்துக்குத் திரும்பவே ஓடுகிறது. மண் அதற்கு ஒரு மோசமான பாதை. 8 அடி நீளமுள்ள ஒற்றை ராடின் மின்தடை 25 ஓமுக்கு மேல் இருந்தால் இன்னொரு ராடும் சேர்க்க வேண்டும் என்பது விதி. அந்த 25 ஓம் என்ற நல்ல நிலையையே எடுத்துக்கொண்டு, மறுமுனையின் தடையைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தாலும், 120 வோல்ட் அதன் வழியாகச் செலுத்தக்கூடியது 4.8 ஆம்பியர் மட்டுமே. 20 ஆம்பியர் பிரேக்கர் அதைப் பொருட்படுத்தவே செய்யாது. உலோக உடலில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். யாரேனும் தொடும்வரை எவருக்கும் தெரியாது.

இதே பழுது, 12ஆம் எண் செப்புக் கம்பியில் (அமெரிக்கக் கம்பி அளவில் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்) 50 அடி தூரத்தில் நிகழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக 50, வர 50 என்று 100 அடிக் கம்பியின் தடை சுமார் 0.2 ஓம். 120 வோல்டுக்கு ஏறத்தாழ 600 ஆம்பியர். நடைமுறையில் மற்றக் கம்பிகளின் தடையும் சேர்ந்து இது சற்றுக் குறையும் என்றாலும், பிரேக்கர் கண்ணிமைக்கும் நேரத்தில் விழ இது தாராளம்.

விதித்தொகுப்பின் 250.4ஆம் பிரிவு, பூமியைப் பழுது மின்னோட்டத்துக்கான பயனுள்ள பாதையாகக் கருதக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ராடின் வேலை வேறு: மின்னல் தாக்கும்போதும், உயரழுத்தக் கம்பி தவறிப்போய்க் கீழுள்ள கம்பியைத் தொடும்போதும், அமைப்பு முழுவதையும் நிலத்தின் மின்னழுத்தத்துக்கு அருகில் நிறுத்துவது. ‘எர்த்’ என்ற ஒரே சொல்லால் மண்ணில் அடித்த ராடையும், பிரேக்கரை விழச் செய்யும் பச்சைக் கம்பியையும் குறிப்பதால்தான் இந்த இரண்டு வேலைகளும் மனத்தில் ஒன்றாகிவிடுகின்றன. என் பார்வையில், சப் பேனல்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி கை பிழைத்ததால் வருவதன்று. இந்தச் சொல் பிழைத்ததால் வருவது.

எங்கள் சப் பேனலில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. பல ஆண்டுகளாக எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது. இதில் உண்மையான ஆபத்து என்ன?

நன்றாக ஓடுவதுதான் இதன் ஆபத்து. விளக்கு எரியும், பிரேக்கர் பழுதின்போது விழும், சாதாரண பிளக் சோதனைக் கருவி ‘சரி’ என்றே காட்டும். நியூட்ரல் ஒருநாள் தளரும்போது அல்லது அறும்போது என்ன நடக்கும் என்பதில்தான் வேறுபாடு வெளிப்படுகிறது.

முறையாகப் பிரிக்கப்பட்ட சப் பேனலில் ஃபீடரின் நியூட்ரல் அறுந்தால், இரண்டு லைவ்களின் சாதனங்களும் 240 வோல்டுக்குக் குறுக்கே தொடராக அமைந்துவிடும். ஒரு பக்கம் 1200 வாட் ஹீட்டரும் (12 ஓம்), மறுபக்கம் 60 வாட் இழை விளக்கும் (240 ஓம்) இருந்தால், விளக்கின் மீது கிட்டத்தட்ட 228 வோல்ட் விழும். அது உடனே பாழாகும். இது இழப்புதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் இழப்பு. பெட்டியின் உடலிலும் சாதனங்களின் உடலிலும் மின்சாரம் ஏறாது. விளக்குகள் சில மங்கிச் சில பளிச்சிடும்போதே வீட்டுக்காரர் எலக்ட்ரீசியனை அழைத்துவிடுவார்.

சேர்த்துவைத்த சப் பேனலில், எர்த் கம்பியும் தனியாக வந்திருந்தால், நியூட்ரல் அறுந்ததே தெரியாது. முழு மின்னோட்டமும் எர்த் கம்பிக்கு மாறிவிடும். 100 ஆம்பியர் ஃபீடரில் அந்தக் கம்பி 8ஆம் எண் செம்பாக இருக்கலாம். சில நொடிப் பழுதைத் தாங்குவதற்காக அளவிடப்பட்ட கம்பி அது, நாள் முழுவதும் உழைப்பதற்காக அன்று. அதைக் காக்கப் பிரேக்கரும் இல்லை.

மிக மோசமானது மூன்றாவது நிலை: மெயினிலிருந்து எர்த் கம்பி வராமல், இரண்டு லைவும் ஒரு நியூட்ரலும் மட்டுமே வந்து, சப் பேனலில் நியூட்ரலோடு பெட்டி பிணைக்கப்பட்டிருப்பது. அங்கே நியூட்ரல் அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஏதேனும் ஒரு 120 வோல்ட் சாதனத்தின் வழியாக லைவ் மின்சாரம் நியூட்ரல் பட்டைக்கு வந்து, அங்கிருந்து பெட்டிக்கும், அந்தப் பேனலோடு இணைந்த எல்லா உலோக உடல்களுக்கும் பரவும். துணி துவைக்கும் இயந்திரத்தின் உடல், பட்டறை இயந்திரத்தின் மேசை, சுவிட்சின் உலோகத் தகடு ஆகிய அனைத்தும் தொடுவோருக்குக் காத்திருக்கும் மின்முனைகளாகிவிடும். ஒரு பிரேக்கரும் விழாது, ஏனெனில் பிரேக்கரின் கணக்கில் அது வெறும் சிறு சுமை.

ஃபீடரில் எத்தனை கம்பிகள் வேண்டும்? என்ன அளவில்?

நான்கு: இரண்டு லைவ், காப்புறையுள்ள ஒரு நியூட்ரல், ஒரு எர்த். 240 வோல்ட் சாதனங்களை மட்டுமே இயக்கும் சப் பேனலுக்கு நியூட்ரல் தேவைப்படாது. ஆனால் எர்த் எப்போதும் வேண்டும். நியூட்ரலின் நிறம் வெள்ளை அல்லது சாம்பல். எர்த் கம்பி பச்சையாகவோ, மஞ்சள் கோடிட்ட பச்சையாகவோ, உறையற்றதாகவோ இருக்கும்.

எர்த் கம்பியின் அளவு, ஃபீடரைக் காக்கும் பிரேக்கரின் அளவைக் கொண்டு 250.122ஆம் அட்டவணையிலிருந்து எடுக்கப்படுகிறது. 60 ஆம்பியருக்கு 10ஆம் எண் செம்பு. 100 ஆம்பியருக்கு 8ஆம் எண் செம்பு அல்லது 6ஆம் எண் அலுமினியம். 200 ஆம்பியருக்கு 6ஆம் எண் செம்பு அல்லது 4ஆம் எண் அலுமினியம். தூரம் அதிகம் என்பதால் மின்னழுத்த இழப்பைக் குறைக்க லைவ் கம்பிகளைப் பெரிதாக்கினால், எர்த் கம்பியையும் அதே விகிதத்தில் பெரிதாக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். எஃகுக் கண்டூயிட் முழுநீளத்துக்கும் முறையாக இணைக்கப்பட்டிருந்தால் அதுவே எர்த் கம்பியின் இடத்தை வகிக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. ஆயினும் அதற்குள் ஒரு கம்பியையும் சேர்த்து இழுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

புதுப் பேனலோடு ஒரு பச்சைத் திருகு வந்தது. அதை என்ன செய்வது?

சப் பேனலாகப் பயன்படுத்தினால், அதைப் போடக் கூடாது. அவ்வளவுதான்.

காரணம் அறிய விரும்புவோருக்கு: பேனலின் நியூட்ரல் பட்டை, பெட்டியின் உலோகத்தைத் தொடாதபடி பிளாஸ்டிக் தாங்கிகளின் மீது அமர்ந்திருக்கும். அந்தப் பச்சைத் திருகு பட்டையின் ஊடாகச் சென்று பெட்டியின் முதுகில் இறங்கி இரண்டையும் பிணைக்கிறது. சில தயாரிப்புகளில் திருகுக்குப் பதிலாக ஒரு செப்புத் தகடு வரும். மெயினாகப் பயன்படுத்தும்போது அது கட்டாயம்; சப் பேனலாகப் பயன்படுத்தும்போது அது தடை. தயாரிப்பாளரே அதை ஏற்கெனவே முடுக்கி அனுப்பியிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பையில் இல்லாத திருகு பெட்டிக்குள் இருக்கக்கூடும்.

எர்த் கம்பிகளை எங்கே முடுக்குவது? நியூட்ரல் பட்டையில் நிறையக் காலித் துளைகள் உள்ளனவே.

எர்த் கம்பிகளுக்கென்று தனிப் பட்டை ஒன்றைப் பெட்டியின் உலோகத்தில் நேரடியாகப் பொருத்த வேண்டும். பெரும்பாலான பேனல்களில் இது உள்ளே இராது. தனியாக வாங்க வேண்டும். அந்தப் பேனலுக்கென்று அதன் மூடியின் உட்புறச் சீட்டில் குறிப்பிட்ட பட்டையையே வாங்கி, அதோடு வரும் திருகுகளை, பெட்டியில் அதற்கென விடப்பட்டுள்ள துளைகளில் முடுக்க வேண்டும். மரத்திருகையோ தகட்டுத் திருகையோ கொண்டு எங்காவது பொருத்துவது பெயரளவுக்கு மட்டுமே இணைப்பு.

சில பேனல்களில் இடமும் வலமுமாக இரண்டு பட்டைகள் இருக்கும். இடையில் ஒரு குறுக்குத்தகடு இருப்பதைக் கவனிக்காமல், இடப்பக்கத்தில் நியூட்ரலும் வலப்பக்கத்தில் எர்த்தும் முடுக்கி, பிரித்துவிட்டோம் என்று நிம்மதியடைவோர் உண்டு. தகடு இருக்கும்வரை இரண்டும் ஒரே பட்டைதான்.

நியூட்ரல் கம்பிகளை ஒரு துளைக்கு ஒன்றாகவே முடுக்க வேண்டும்; விதித்தொகுப்பின் 408.41 இதை வலியுறுத்துகிறது. ஒரே திருகின் கீழ் இரண்டைச் செருகினால், ஒன்றை வேலைக்காகக் கழற்றும்போது மற்றதும் தளரும். தளர்ந்த நியூட்ரல் என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம். எர்த் கம்பிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பேனலின் சீட்டு அனுமதிக்கும் எண்ணிக்கையில் இரண்டு மூன்றைச் சேர்த்து முடுக்கலாம்.

வீட்டிலிருந்து விலகித் தனியாக நிற்கும் கராஜுக்கு விதி வேறா?

பிரிப்பதில் வேறுபாடில்லை, ராடில்தான் வேறுபாடு. தனிக் கட்டடத்துக்கு ஃபீடர் சென்றால் அங்கே துண்டிப்பான் ஒன்றும், அக்கட்டடத்துக்கென்று எர்த் ராடும் தேவை. இரண்டு ராடுகள் அடிப்பதானால் இடையே குறைந்தது 6 அடி இருக்க வேண்டும். ராடுக்குச் செல்லும் கம்பி 6ஆம் எண் செம்பைவிடப் பெரிதாக இருக்கத் தேவையில்லை. ஒரே ஒரு கிளைச் சுற்று மட்டும் எர்த் கம்பியோடு சென்று இரண்டு விளக்குகளையும் ஒரு பிளக்கையும் இயக்கினால், ராடு வேண்டியதில்லை.

ராடிலிருந்து வரும் கம்பியை எர்த் பட்டையில் முடுக்க வேண்டும். நியூட்ரல் பட்டையில் அன்று. இங்கேதான் கை தவறுகிறது. ராடு இருக்கிறது, ஆகவே இதுவும் ஒரு மெயின்தானே என்று நினைத்து, பச்சைத் திருகையும் போட்டுவிடுகிறார்கள்.

பழைய வீடுகளில் மூன்று கம்பி ஃபீடரோடு, கராஜில் நியூட்ரலும் எர்த்தும் பிணைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இரு கட்டடங்களுக்கும் இடையே வேறு உலோகத் தொடர்பு இல்லாத நிலையில் அது முன்பு அனுமதிக்கப்பட்டிருந்தது. 2008ஆம் ஆண்டுப் பதிப்பு புதிய பணிகளுக்கு அதை நிறுத்திவிட்டது. அந்நாளைய விதிப்படி முறையாகச் செய்யப்பட்டவை நீடிக்கலாம். ஆனால் அத்தகைய கராஜுக்குப் பிற்பாடு உலோகத் தண்ணீர்க் குழாயோ, பின்னல் உறையுள்ள தரவுக் கம்பியோ இழுக்கப்பட்டிருந்தால், அந்த அனுமதி பொருந்தாது. நியூட்ரலின் ஒரு பங்கு இப்போது அவற்றின் வழியாக ஓடிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு வெளியே புதிதாக அவசரத் துண்டிப்பான் வைத்தார்கள். உள்ளே இருக்கும் பழைய மெயின் பேனலில் ஏதேனும் மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் ஆம். தீயணைப்பு வீரர்கள் உள்ளே நுழையாமல் மின்சாரத்தை நிறுத்துவதற்காக, ஒரு குடும்ப, இரு குடும்ப வீடுகளுக்கு வெளிப்புற அவசரத் துண்டிப்பான் வேண்டும் என்று 2020 பதிப்பின் 230.85ஆம் பிரிவு விதித்தது. அந்தத் துண்டிப்பான் ‘சர்வீஸ் துண்டிப்பான்’ என்றும் குறிக்கப்பட்டு வைக்கப்பட்டால், பிணைப்பு நிகழ வேண்டிய இடம் வெளியே நகர்ந்துவிடுகிறது. இத்தனை ஆண்டுகளாக மெயினாக இருந்த உள்பேனல், ஒரு திருகுகூட நகராமலேயே, சப் பேனலாகிவிடுகிறது. அப்போது வெளியிலிருந்து உள்ளே நான்கு கம்பிகள் செல்ல வேண்டும், பச்சைத் திருகு கழற்றப்பட வேண்டும், ஒரே பட்டையில் கலந்து கிடக்கும் கம்பிகள் அனைத்தும் பிரிக்கப்பட வேண்டும். அதே சட்டம், துண்டிப்பானைச் சர்வீஸாகக் கருதாமல் வெறும் அவசர நிறுத்தமாகக் குறித்து வைக்கவும் வழிவிடுகிறது. அப்படிச் செய்தால் பிணைப்பு உள்ளேயே தொடரும். ஆகவே பெட்டியின் மீதுள்ள முத்திரை எழுத்துகளைப் படிக்காமல் எதையும் முடிவுசெய்யக் கூடாது.

துணி உலர்த்தும் இயந்திரத்தில் மூன்று முனைப் பிளக் இருக்கிறது. அதில் நியூட்ரலே எர்த்தாக இருக்கிறதே?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உலோகத்தைச் சேமிப்பதற்காக அடுப்புகளுக்குத் தரப்பட்ட ஒரு விலக்கின் மிச்சம் இது. பின்னர் உலர்த்திகளுக்கும் விரிந்து, 1996 பதிப்பு புதிய சுற்றுகளுக்கு நான்கு கம்பியைக் கட்டாயமாக்கும்வரை நீடித்தது. நான்கு முனைக் கம்பியை மாட்டும்போது, இயந்திரத்தின் பின்புறத்தில் நியூட்ரல் முனையையும் உலோக உடலையும் இணைக்கும் சிறு தகட்டைக் கழற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் சப் பேனலில் தவிர்த்த பிணைப்பு இயந்திரத்துக்குள் உட்கார்ந்திருக்கும்.

ஜெனரேட்டரை இணைக்கும்போது நியூட்ரலை எங்கே பிணைப்பது?

வீட்டை மின் நிறுவனத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் மாற்றுச் சுவிட்ச், நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிறதா என்பதைப் பொறுத்தது. லைவ் கம்பிகளை மட்டும் மாற்றி, நியூட்ரலை வீட்டோடு இணைந்தபடியே விட்டால், வீட்டின் மெயின் பிணைப்பே போதும். ஜெனரேட்டருக்குள் இன்னொரு பிணைப்பு இருக்கக் கூடாது. நியூட்ரலும் மாறினால், ஜெனரேட்டர் தனி மூலமாகிவிடும். அதற்குத் தனிப் பிணைப்பு வேண்டும். தனியாக நிற்கும் மின்மாற்றிக்கும் இதே நியாயம்தான்.

சப் பேனலுக்கு ஜிஎஃப்சிஐ பிரேக்கர் வழியாக மின்சாரம் கொடுத்தேன், போட்டவுடன் விழுகிறது. பிரேக்கர் பழுதா?

பிரேக்கரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் பச்சைத் திருகைப் பாருங்கள். போன மின்னோட்டத்துக்கும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டத்துக்கும் 4 முதல் 6 மில்லியாம்பியர் வரை வேறுபாடு வந்தாலே ஜிஎஃப்சிஐ துண்டிக்கும். சப் பேனலில் பிணைப்பு இருந்தால் ஒரு பங்கு எர்த் வழியாகத் திரும்புவதால் அது விழத்தான் செய்யும். சுடுநீர்க் குளியல் தொட்டிகளுக்கான சிறு பேனல்களில் இது அடிக்கடி நிகழ்கிறது.

பிரிந்துதான் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

மல்டிமீட்டரை நியூட்ரல் பட்டையிலும் பெட்டியிலும் வைத்துப் பார்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகச் செய்த சப் பேனலிலும் அது சுழியத்தையே காட்டும், ஏனெனில் இரண்டும் மெயினில் சேர்ந்திருக்கின்றன. ஃபீடரின் மின்சாரத்தை மெயினில் நிறுத்தி, நின்றுவிட்டதை உறுதிசெய்து, ஃபீடரின் நியூட்ரலைச் சப் பேனலின் பட்டையிலிருந்து கழற்றிய பிறகே அளக்க வேண்டும். எல்லாப் பிரேக்கர்களும் நிறுத்தப்பட்ட நிலையில் தொடர்பு இல்லை என்று காட்ட வேண்டும். தொடர்பு காட்டினால், பெட்டிக்குள் பிணைப்பு இருக்கலாம். அல்லது ஏதோ ஒரு பிளக் பெட்டிக்குள் வெள்ளைக் கம்பியும் உறையற்ற கம்பியும் உரசிக்கொண்டிருக்கலாம். நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் குற்றவாளிச் சுற்று அகப்படும்.

பேனலைத் திறக்கும் தகுதியுள்ளவருக்கு, மின்சாரம் ஓடும்போதே செய்யக்கூடிய சோதனை கிளாம்ப் மீட்டருடையது. இரண்டு லைவ்களையும் நியூட்ரலையும் சேர்த்து அதன் வாய்க்குள் பிடித்தால் சுழியம் வர வேண்டும். வராவிட்டால், வராத அந்த அளவு வேறெங்கோ திரும்பிக்கொண்டிருக்கிறது. எர்த் கம்பியை மட்டும் பிடித்தாலும் அதே விடை கிடைக்கும். தண்ணீர்க் குழாயில் மட்டும் மின்னோட்டம் தென்பட்டால் உடனே உங்கள் சப் பேனலைக் குற்றம் சொல்ல வேண்டாம். உலோகக் குழாயைப் பகிரும் அண்டை வீட்டின் நியூட்ரல் கெட்டிருந்தாலும் அது உங்கள் வீட்டின் வழியாகத் திரும்பக்கூடும்.

பழைய சப் பேனலில் பிணைப்பு இருப்பது தெரிந்துவிட்டது. திருகைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடுமா?

முதலில் மெயினிலிருந்து எர்த் கம்பி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்திருந்தால், மின்சாரத்தை நிறுத்தி, எர்த் பட்டை பொருத்தி, கம்பிகளைப் பிரித்து, கடைசியில் திருகைக் கழற்றினால் வேலை முடிந்தது. வராமல் மூன்று கம்பி மட்டுமே இருந்தால், திருகைக் கழற்றுவது நிலையை இன்னும் மோசமாக்கும்: இதுவரை குறையோடாவது இருந்த பழுதுப் பாதையும் போய், உலோக உடல்கள் அனைத்தும் எதனோடும் சேராமல் நிற்கும். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ராடை அடித்து அந்த இடத்தை நிரப்ப முடியாது, அதன் 4.8 ஆம்பியர் கணக்கை முன்பே பார்த்தோம். மெயினிலிருந்து எர்த் கம்பி இழுத்த பிறகுதான் திருகில் கைவைக்க வேண்டும்.

இந்த வேலைக்குப் பெரும்பாலான ஊர்களில் அனுமதிச்சீட்டும் ஆய்வும் தேவை. உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடம் விடுவதே முறை. தாமே செய்ய அனுமதியுள்ள வீட்டுக்காரர்களும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: மெயின் பேனலின் பெரிய பிரேக்கரை நிறுத்திய பின்னும், மீட்டரிலிருந்து வரும் கம்பிகள் முடுக்கப்பட்டுள்ள அதன் மேல் லக்குகளில் (இணைப்பு முனைகளில்) மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்த, மீட்டருக்கும் பேனலுக்கும் இடையே துண்டிப்பான் இல்லாத வீடுகளில், மின் நிறுவனத்தையே அழைக்க வேண்டும்.